செவர்லே சி10 பிக்கப்பை மீட்டெடுப்பது: துருவிலிருந்து குளிர்காற்று வரை

பழைய பிக்கப் வண்டியை மீட்டெடுக்க இறங்குகிற பலரும் ஏசியைக் கடைசி வேலையாக ஒதுக்கி வைக்கிறார்கள். முதலில் எஞ்சின், அப்புறம் டிங்கர் வேலை, பெயின்ட், சீட், எல்லாம் முடிந்த பிறகு ஏசியைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். என் 1972 செவர்லே சி10-ஐ நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெயின்ட் காய்ந்து, டாஷ்போர்டு பூட்டி, கார்ப்பெட் விரித்த பிறகு கூலிங் காயில் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஐம்பது வருடத்து இலைச் சருகு, அடியில் அரித்துப்போன காயில். அந்தப் பெட்டியை வெளியே எடுக்க முன் மட்கார்டின் உள்தகட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. புதுப் பெயின்ட்டில் மூன்று இடத்தில் கீறல் விழுந்தது. இரண்டு மாத வேலையைத் திரும்பச் செய்தேன்.

அதனால் இந்த வழிகாட்டி வேறு வரிசையில் போகிறது. வண்டியைப் பார்க்கப் போகும் நாளிலேயே ஏசியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஓட்டுவது டெக்சாஸில். ஆகஸ்ட் மாதம் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். அந்த வெயிலில் ஓட்ட முடியாத பிக்கப், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஷெட்டுக்குள்தான் நிற்கும்.

எந்த வண்டி, எதைப் பார்த்து வாங்குவது

ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) 1967 முதல் 1972 வரை செய்த சி10 தலைமுறையை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் அதிகம் மீட்டெடுக்கப்படும் பிக்கப்களில் இதுவும் ஒன்று. உதிரி பாகம் ஏறக்குறைய எல்லாமே புதிதாகக் கிடைக்கிறது. இரு சக்கர இயக்க சி10-இல் பின்பக்கம் லீஃப் பட்டைக்குப் பதிலாகக் காயில் ஸ்பிரிங்கும் நீளமான டிரெயிலிங் ஆர்ம்களும் இருக்கும். நாஸ்கார் பந்தயக் கார்களின் பின் சஸ்பென்ஷன் பல பத்தாண்டுகள் இந்த அமைப்பைப் பின்பற்றியே செய்யப்பட்டது. அதன் பெயரே அங்கே 'டிரக் ஆர்ம்' என்றுதான். அதனால்தான் சரியாகப் புஷ் மாற்றிய சி10 சாலையில் கார் மாதிரி போகிறது.

என் தேர்வு 1971 அல்லது 1972. 1971-இலிருந்து முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கம்பெனியிலேயே வந்துவிட்டது. இந்த இரண்டு வருட வண்டிகளின் முகப்பும் ஒன்றுபோல இருக்கும். ரியர்வியூ மிரர் முன் கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தால் 1972. சக்கர இடைவெளி 115 அங்குலம் உள்ள குட்டைப் பெட்டி வண்டிக்கு விலை அதிகம். 127 அங்குல நீளப் பெட்டிக்குக் குறைவு. ஓட்டுவதற்கென்று வாங்குகிறவர்கள் நீளத்தையே வாங்குங்கள், மிச்சமாகும் பணம் டிங்கர் வேலைக்குப் போதும்.

டிரைவர் பக்கக் கதவுத் தூணில் உள்ள வண்டி எண் தகட்டைப் படியுங்கள். 1972-இல் CCE142 என்று தொடங்கினால், முதல் 'சி' செவர்லே, இரண்டாவது 'சி' இரு சக்கர இயக்கம், 'இ' வி8 எஞ்சின், 1 அரை டன், 4 பிக்கப், 2 என்பது 1972. மூன்றாவது எழுத்து 'எஸ்' என்று இருந்தால் பிறக்கும்போது ஆறு சிலிண்டர்.

அடுத்து கையுறைப் பெட்டியின் கதவைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். கம்பெனியில் அந்த வண்டிக்குப் போட்ட கூடுதல் வசதிகள் எல்லாம் அதில் குறியீட்டோடு அச்சடிக்கப்பட்டிருக்கும். 'சி60' இருந்தால் ஏசியோடு பிறந்த வண்டி. இந்த ஒரு குறியீட்டுக்காக நான் கொஞ்சம் அதிக விலை கொடுப்பேன். டாஷ்போர்டில் காற்றுத் துவாரம், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டில் சரியான வெட்டு, எஞ்சினில் கம்ப்ரசர் பிராக்கெட் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். சி60 இல்லாத வண்டிக்கும் வெளிக் கம்பெனிகளின் முழு ஏசி கிட் கிடைக்கிறது, நன்றாகவே குளிர்விக்கும். டாஷ்போர்டுக்குள் இடம் பிடிப்பதுதான் அதில் பெரிய வேலை.

துருவைத் தேடும் இடங்கள்: கேபினின் பின் கீழ் மூலைகள், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் தகடு, கால் வைக்கும் தளம், கால் பக்கவாட்டுத் தகடு, முன் மட்கார்டின் கீழ்ப் பின்முனை, முன் கண்ணாடியின் அடி விளிம்பு, கேபினைச் சேசிஸோடு பிணைக்கும் மவுண்ட்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி இழுத்துக்கொண்டே போங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

பலரும் செய்யாத ஒரு சோதனை உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின்னால் இருக்கும் காற்றுத் தட்டியில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து கீழே இறங்க வேண்டும். கால் தளத்தில் சொட்டினால் உள்தகடு அரித்துவிட்டது என்று பொருள். கேபினுக்குள் வெளிக்காற்று வருவது அந்த வழியாகத்தான். அங்கே ஓட்டை இருந்தால் எந்த ஏசியும் முழுதாகக் குளிர்விக்காது.

கழற்றும் முன்

ஏசி குழாயில் ஒரு நட்டைக்கூடத் தளர்த்த வேண்டாம், உள்ளே கேஸ் இருக்கிறதா என்று தெரியும்வரை. இந்த வண்டிகள் ஆர்-12 கேஸுக்குச் செய்யப்பட்டவை. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால் 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அதன் தயாரிப்பு படிப்படியாகக் குறைந்து, அமெரிக்காவில் 1996 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ஏசி கேஸைக் காற்றில் திறந்துவிடுவது அங்கே சட்டப்படி குற்றம். ஆர்-12 வாங்கவும் வண்டி ஏசியில் கூலிக்கு வேலை செய்யவும் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 609-ஆம் பிரிவுச் சான்று வேண்டும். நல்ல பட்டறை ஒன்றில் மீட்பு இயந்திரம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கும் முன் என்ன கேஸ் என்று கருவி வைத்துச் சோதிக்கச் சொல்வதும் அவசியம். பழைய வண்டிகளில் யாராவது புரொபேன் கலவையை ஏற்றியிருப்பார்கள், பக்கத்தில் வெல்டிங் பொறி பறந்தால் விபரீதம்.

அப்புறம் கழற்றலாம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். போல்ட்களை ஜிப் பையில் போட்டு எழுதி வையுங்கள். ஏசி, ஹீட்டர் பெட்டிக்குள் காற்றைத் திருப்பும் சிறு கதவுகளை இழுக்கும் கேபிள்கள் எந்தத் துளையில் எந்தப் பக்கமாக மாட்டியிருந்தன என்பதை மட்டும் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். படத்தில் அது தெளிவாகத் தெரியாது.

டிங்கர் வேலை: காற்றை உள்ளே பூட்டுவது

இந்தக் கட்டத்தை நான் ஏசி வேலையின் முதல் பாதி என்றே சொல்வேன். துரு பிடித்த கேபின் ஓட்டைச் சட்டி. குளிர்காற்று ஊற்ற ஊற்ற வெளியே போகும்.

ராக்கரையும் மூலைத் தகட்டையும் வெட்டும் முன், கதவு வாசலில் குறுக்கும் மறுக்குமாக இரும்புக் குழாயை வெல்டு செய்து கேபினை நிலைநிறுத்துங்கள். வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்ட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் கேபின் தொய்ந்து, பிறகு கதவு சாகும்வரை பொருந்தாது.

புதுத் தகட்டைக் கிளாம்ப் வைத்துப் பிடித்து, கதவை மாட்டி, மூடித் திறந்து, இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியான பிறகே வெல்டிங். மிக் வெல்டரில் 0.6 மில்லிமீட்டர் கம்பி, சின்னச் சின்னப் பொட்டு. ஒரு பொட்டு வைத்தால் அடுத்ததை ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஆறவிட்டு இடையை நிரப்புங்கள். தொடர்ச்சியாக ஒரே கோடு இழுத்தால் தகடு அலை அலையாக வளைந்துவிடும். மணல் பீய்ச்சித் துரு எடுப்பதைச் சேசிஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பானெட், கூரை, கதவு போன்ற அகலத் தகட்டில் மணல் பட்டால் உப்பிக்கொள்ளும்.

வெறும் தகடு தெரிந்ததும் எபாக்சி பிரைமர், அதன் மேல் எல்லா இணைப்பிலும் சீம் சீலர். ராக்கருக்குள் குழாய் விட்டு மெழுகு அடியுங்கள். கீழே உள்ள வடிகால் துளைகளைச் சீலர் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகள் துருப்பிடித்ததற்கு முக்கியக் காரணமே அந்தத் துளைகள் மண்ணால் அடைத்துக்கொண்டதுதான்.

இப்போது, பெயின்ட்டுக்கு முன்னால், ஏசி பாகங்கள் அத்தனையையும் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். கூலிங் காயில் பெட்டி, ப்ளோயர், காற்றுக் குழல்கள், டாஷ்போர்டு, கம்ப்ரசர், கண்டென்சர், ஹோஸ் போகும் வழி, நீர் வடியும் குழாய். துளை போட வேண்டியதை இப்போதே போட்டு, பழைய வேண்டாத துளைகளைத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். ஒரு வாரக் கடைசியை இது சாப்பிடும். நான் இழந்த இரண்டு மாதத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. எல்லாம் பொருந்திய பிறகு கழற்றிவிட்டு பெயின்ட்டுக்கு அனுப்புங்கள். பெயின்ட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அது தனிக் கலை, நல்ல கைக்காரரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

பெயின்ட் முடிந்து வந்ததும் கேபினின் உள்பக்கம் முழுவதும் பியூட்டைல் ஷீட் (தகட்டில் ஒட்டும் ரப்பர் விரிப்பு), அதன் மேல் காற்றறை மூடிய ஃபோம். தளத்துக்கு மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஃபயர்வாலுக்கும் கூரைக்கும் பின்சுவருக்கும் கதவின் உள்தகட்டுக்கும் கூடப் போட வேண்டும். வெயிலில் நின்ற கூரைத் தகட்டை உள்ளிருந்து தொட்டுப் பாருங்கள், ஏன் என்று கைக்கே தெரியும். கதவு ரப்பர், முக்கோணக் கண்ணாடி ரப்பர், பெடல்களும் ஸ்டீயரிங் தண்டும் ஃபயர்வாலைக் கடக்கும் இடத்து ரப்பர், எல்லாமே புதிது. முடிந்ததும் இரவில் கேபினுக்குள் பிரகாசமான விளக்கை வைத்துவிட்டு வெளியே சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் சூடு நுழைகிற இடம்.

சேசிஸ், பிரேக், டாங்க்

கேபின் வெளியே இருக்கும்போதே சேசிஸைச் சுத்தம் செய்து, பால் ஜாயின்ட், கன்ட்ரோல் ஆர்ம் புஷ், டிரெயிலிங் ஆர்ம் புஷ், பிரேக் குழாய், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இதில் யோசிக்க எதுவும் இல்லை. பெட்ரோல் டாங்க் மட்டும் யோசிக்க வேண்டியது. இந்தத் தலைமுறையில் அது கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றி ஓட்டும்போது துளி பெட்ரோல் வாசனைகூடத் தலைவலி தரும். நான் டாங்கைப் பின் பெட்டிக்கு அடியில் மாற்றினேன். அதனால் வாசனையும் போனது, சீட்டுக்குப் பின்னால் இன்சுலேஷன் போட இடமும் கிடைத்தது.

எஞ்சினும் அதன் சூடும்

350 கன அங்குல சின்ன வி8 எஞ்சின் எளிய எஞ்சின். 1971-இலிருந்து ஜிஎம் கம்ப்ரஷனைக் குறைத்து ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்றபடி செய்தது, அதனால் இன்றைய பெட்ரோலில் சிரமமில்லாமல் ஓடும். பழைய தட்டை டாப்பெட் கேம் என்பதால் துத்தநாகம் அதிகமுள்ள எஞ்சின் ஆயிலை ஊற்றுங்கள். மற்றபடி எஞ்சின் வேலை பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏசிக்காக எஞ்சினில் என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. ஏசி கேபினிலிருந்து எடுத்த சூட்டை அங்கேதான் கொட்டுகிறது, அந்தச் சூடான காற்று அப்படியே ரேடியேட்டருக்குள் போகிறது. ஏசி இல்லாத வண்டியின் ரேடியேட்டர் இதைத் தாங்காது. ஏசி வண்டிக்கான தடித்த ரேடியேட்டர் அல்லது அகலக் குழாய் அலுமினிய ரேடியேட்டர் போடுங்கள்.

ஃபேன் உறை இல்லாமல் ஓடும் எத்தனையோ சி10-களைப் பார்த்திருக்கிறேன். எஞ்சினைக் கழற்றியவர்கள் சிரமமாக இருக்கிறது என்று அதைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். சிக்னலில் நிற்கும்போது ஏசி சூடான காற்று அடிப்பதற்கு முதல் காரணம் அதுதான். உறை இல்லாவிட்டால் ஃபேன் எஞ்சின் பக்கத்துச் சூட்டையே சுற்றிச் சுற்றி இழுக்கும். ஃபேன் இறக்கையின் அகலத்தில் பாதி உறைக்குள்ளும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். கிளட்ச் உள்ள ஃபேன் நல்லது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், பக்கங்களில் உள்ள சந்துகளை ஃபோம் பட்டையால் அடையுங்கள், காற்று குறுக்கு வழியில் தப்பிக்காமல் இருக்கும்.

மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் பெரிதாக்குங்கள். அந்தக் காலத்து அடிப்படை ஆல்டர்னேட்டர் 37 ஆம்பியர்தான். ஹெட்லைட்டும் ப்ளோயரும் கம்ப்ரசர் கிளட்ச்சும் சேர்ந்தால் பேட்டரி இறங்கும். உள்ளேயே ரெகுலேட்டர் உள்ள பிற்கால ஜிஎம் ஆல்டர்னேட்டர் அதே பிராக்கெட்டில் சிறு மாற்றத்தோடு உட்காரும். ப்ளோயருக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனி ஒயரும் ரிலேவும் கொடுங்கள். ஐம்பது வருடச் சுவிட்ச் வழியாக அவ்வளவு மின்சாரத்தையும் அனுப்பினால் டாஷ்போர்டுக்குள் ஒயர் உருகும்.

ஏசி: எந்தக் கம்ப்ரசர், எந்தக் கேஸ்

ஏசி வேலை செய்யும் விதம் ஒரு பத்தியில் அடங்கும். கம்ப்ரசர் கேஸை அமுக்கிச் சூடாக்குகிறது. கண்டென்சரில் அது சூட்டை விட்டுத் திரவமாகிறது. டிரையர் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற சின்னத் துவாரத்தில் பீறிட்டு, கூலிங் காயிலுக்குள் அழுத்தம் குறைந்து ஆவியாகும்போது காயிலைச் சுற்றியுள்ள காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. திரும்பவும் கம்ப்ரசர். இதில் எந்த இடத்தில் ஈரமோ காற்றோ தூசியோ புகுந்தாலும் முழுச் சுற்றும் கெடும்.

கம்பெனி ஏசியில் வந்தது ஃப்ரிஜிடேர் ஏ6 கம்ப்ரசர். ஆறு சிலிண்டர், 12.6 கன அங்குலம், எடை ஏறக்குறைய 16 கிலோ. இரும்புக் குண்டு மாதிரி இருக்கும், ஆனால் அதன் குளிர்விக்கும் பலம் இன்றைக்கும் மலைக்க வைக்கும். அதன் பலவீனம் முன் தண்டின் சீல். பழைய சீலை எடுத்துவிட்டுப் புதுவகை இரட்டை உதட்டுச் சீல் போட்டால் கசிவு பெரும்பாலும் நிற்கும். கையால் சுற்றிப் பாருங்கள், சீராகச் சுற்ற வேண்டும். ஆயிலை வெள்ளைத் துணியில் வடியுங்கள். தெளிவாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் நல்ல சேதி. கறுப்பாக, மினுமினுக்கும் துகளோடு வந்தால் கம்ப்ரசர் உள்ளுக்குள் அரைபட்டுவிட்டது. அந்தத் துகள் கண்டென்சர்வரை போயிருக்கும், அதையும் மாற்ற வேண்டும்.

மாற்றாகப் பலரும் போடுவது சான்டன் 508. 138 சிசி, எடை ஏ6-இல் பாதிக்கும் குறைவு, எஞ்சினை அவ்வளவாக இழுக்காது. எனக்கு ஏ6 மேல் பிரியம், வைத்துக்கொண்டேன். பழைய ஏ6 செத்துப்போயிருந்தால் சான்டன் போடுவதில் தவறே இல்லை.

கேஸ் விஷயத்தில் என் கருத்து இது. வண்டி முழுவதும் கம்பெனி நிலையில் இருக்க வேண்டும் என்பவர்கள் ஆர்-12-ஐயே தேடிப் போடலாம், அந்த அமைப்பு அதற்காகவே செய்யப்பட்டது. தினமும் ஓட்டுகிறவர்கள் ஆர்-12-க்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ கேஸுக்கு மாறுங்கள். எங்கே போனாலும் கிடைக்கும். ஆனால் வெறுமனே கேஸை மட்டும் மாற்றினால் சிக்னலில் குளிராது. கண்டென்சர் 130 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கும்போது ஆர்-12-இன் அழுத்தம் சுமார் 181 பிஎஸ்ஐ, ஆர்-134ஏ-வுக்கு 199. வெயில் ஏற ஏற இந்த இடைவெளி கூடும். அதனால் பழைய குழாய்-தகட்டுக் கண்டென்சரைக் கழற்றிவிட்டு, இடத்துக்குப் பொருந்தும் மிகப் பெரிய பேரலல் ஃப்ளோ கண்டென்சரை (கேஸ் பல மெல்லிய குழாய்களில் ஒரே நேரத்தில் பிரிந்து ஓடும் வகை) போடுங்கள். மாற்றத்தில் நான் செலவழித்த பணத்தில் மிகுந்த பலன் தந்தது அதுதான்.

ஆர்-134ஏ-வுக்கு மாறும்போது ஒவ்வொன்றாக:

ஹோஸ்கள் உள்ளே நைலான் படலம் உள்ள பேரியர் வகையாக இருக்கட்டும். பழைய ரப்பர் வழியாக ஆர்-134ஏ மெல்ல மெல்லக் கசிந்துபோகும். எல்லா ஓ-ரிங்கும் புதிது, பச்சை நிற எச்என்பிஆர் வகை. மாட்டும் முன் ஏசி ஆயிலைத் தொட்டுப் பூசுங்கள், இரண்டு ஸ்பேனர் வைத்து இறுக்குங்கள். ஒற்றை ஸ்பேனரில் அலுமினியக் குழாய் முறுக்கிக்கொள்ளும்.

பழைய மினரல் ஆயில் ஆர்-134ஏ-வோடு கலந்து ஓடாது, கூலிங் காயிலிலேயே தங்கிவிடும். கம்ப்ரசருக்கு ஆயில் திரும்பி வராமல் அது இறுகிப்போகும். அதனால் கூலிங் காயிலையும் குழாய்களையும் ஏசி ஃப்ளஷ் திரவத்தால் கழுவி, நைட்ரஜன் அடித்து உலர்த்துங்கள். கம்ப்ரசர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றுக்குள்ளும் ஃப்ளஷ் போகக் கூடாது. ஏ6-க்கு எஸ்டர் ஆயில் ஊற்றினேன், கொஞ்சம் மினரல் ஆயில் மிச்சமிருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். ஏ6 உள்ள அமைப்புக்கு மொத்தம் சுமார் 10 முதல் 11 அவுன்ஸ் ஆயில். சான்டனுக்கு அதன் லேபிளில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த ஆயில், அந்த அளவு.

கூலிங் காயில் பனி கட்டாமல் இருக்க ஜிஎம் அந்தக் காலத்தில் பிஓஏ என்ற வால்வைப் பயன்படுத்தியது. காயிலின் அழுத்தம் ஏறத்தாழ 30 பிஎஸ்ஐ-க்குக் கீழே இறங்காமல் அது பிடித்துக்கொள்ளும். ஆர்-12 தண்ணீர் உறையும் வெப்பநிலையில் 30 பிஎஸ்ஐ காட்டும், அதனால் அந்த எண். ஆர்-134ஏ அதே வெப்பநிலையில் 28 பிஎஸ்ஐ-க்குக் கொஞ்சம் கீழே காட்டும். எனவே வால்வை 26, 27-க்குத் திருத்தி அமைத்தவர்களிடம் வாங்குங்கள், இல்லாவிட்டால் அதை எடுத்துவிட்டு கம்ப்ரசரை நிறுத்தி ஓட்டும் சுவிட்ச் வைத்த மாற்றுக் கிட் போடுங்கள். எக்ஸ்பான்ஷன் வால்வின் உணர் குமிழ் கூலிங் காயிலிலிருந்து வெளியேறும் குழாயில் சுத்தமான உலோகத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், மேலே கார்க் டேப் கனமாகச் சுற்ற வேண்டும். இது தளர்ந்திருந்தால் வால்வு எஞ்சின் சூட்டை உணர்ந்து தப்பாகத் திறக்கும்.

அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரசரை நிறுத்தும் சுவிட்ச் கட்டாயம். பழைய அமைப்பில் அதிக அழுத்தத்தில் கேஸை வெளியே விடும் வால்வு இருந்தால், மாற்றும்போது இந்தச் சுவிட்சைச் சேர்க்க வேண்டும் என்பது அமெரிக்காவில் விதியும்கூட. கேஸ் குறைந்தாலும் அதிகமானாலும் நிறுத்தும் பைனரி சுவிட்ச் போடுங்கள். ஆர்-134ஏ-வுக்கான தனி வகை இணைப்பு முனைகளும் என்ன கேஸ் என்று எழுதிய லேபிளும் பொருத்த வேண்டும்.

டிரையரின் மூடியைக் கடைசி நிமிடத்தில்தான் திறக்க வேண்டும். திறந்து வைத்தால் அறையின் ஈரத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும்.

வேக்குவம், கேஸ் ஏற்றுதல்

முதலில் கசிவுச் சோதனை. நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். வெறும் காற்றைக் கம்ப்ரசரால் ஏற்றாதீர்கள். ஈரம் புகும், அதோடு ஆர்-134ஏ காற்றோடு அழுத்தத்தில் கலந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஆக்சிஜனை எந்தக் காரணத்துக்கும் பயன்படுத்தக் கூடாது, ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். ஓர் இரவு விட்டு அழுத்தம் நிற்கிறதா என்று காலையில் பாருங்கள்.

அப்புறம் வேக்குவம் பம்ப். கேஜ் கடல் மட்டத்தில் 29 அங்குலப் பாதரச அளவுக்கு மேல் வேக்குவம் காட்ட வேண்டும். அந்த வேக்குவத்தில் தண்ணீர் 25 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும், பம்ப் அதை உறிஞ்சி எடுத்துவிடும். குளிர்காலத்தில் இந்த வேலையைச் செய்தால் உள்ளே ஈரம் கொதிக்காமல் அப்படியே தங்கிவிடும், வெதுவெதுப்பான நாளாகப் பாருங்கள். ஒரு மணி நேரமாவது ஓடட்டும், நான் இரண்டு மணி நேரம் விடுகிறேன். வால்வை மூடி, பம்பை நிறுத்தி, அரை மணி நேரம் முள் அசைகிறதா என்று கவனியுங்கள்.

கேஸின் அளவை எடை போட்டு ஏற்றுங்கள். பழைய ஆர்-12 அளவில் 80 சதவீதத்திலிருந்து ஆரம்பித்து, அழுத்தத்தையும் துவாரத்து வெப்பநிலையையும் பார்த்துச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். டிரையரின் கண்ணாடியில் குமிழ் போகும்வரை ஏற்றுவது ஆர்-12 காலத்துப் பழக்கம். ஆர்-134ஏ-வில் அதை நம்பினால் கேஸ் அதிகமாகிவிடும். என் வண்டிக்கு முதல் முறை கேஸ் ஏற்றிய பட்டறையில் அப்படித்தான் கண்ணாடியைப் பார்த்து ஏற்றினார்கள். சிக்னலில் நின்றால் அழுத்தம் எகிறி கம்ப்ரசர் நின்று நின்று ஓடியது. வெளியே எடுத்து எடைபோட்டு மறுபடி ஏற்றியதும் சரியானது.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது கேஜின் சிவப்பு வால்வை (அதிக அழுத்தப் பக்கம்) திறக்கவே கூடாது. கம்ப்ரசரின் முழு அழுத்தமும் கையிலிருக்கும் கேஸ் டப்பாவுக்குள் பாய்ந்து அது வெடிக்கும். நீல வால்வு (குறைந்த அழுத்தப் பக்கம்) வழியாக, டப்பாவை நிமிர்த்திப் பிடித்து, ஆவியாக மட்டும் ஏற்றுங்கள். கவிழ்த்தால் திரவம் போய் கம்ப்ரசர் வால்வை உடைக்கும்.

எஞ்சினை நிமிடத்துக்கு 1500 சுற்றில் வைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு, ப்ளோயரை முழு வேகத்தில் விட்டு அளவெடுங்கள். குறைந்த அழுத்தம் 25 முதல் 40 பிஎஸ்ஐ. அதிக அழுத்தம், வெளி வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து 2.2 முதல் 2.5 வரை பெருக்கினால் வருவது. 95 டிகிரியில் 210 முதல் 240 வரை. ரேடியேட்டர் முன்னால் ஒரு பெரிய ஃபேன் வைத்தோ தண்ணீர் தெளித்தோ பாருங்கள். அதிக அழுத்தம் சட்டென்று இறங்கி உள்ளே குளிர் கூடினால் கேஸில் பிரச்சினை இல்லை, கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. ஃபேன் உறைக்குத் திரும்பிப் போங்கள்.

குளிர் உள்ளே வர மறுத்தால்

அழுத்தம் சரியாக இருந்தும் துவாரத்தில் காற்று போதிய அளவு குளிரவில்லை என்றால் பலரும் மறுபடி கேஸ் மீது கை வைக்கிறார்கள். வைக்காதீர்கள். ஹீட்டர் காயிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், எஞ்சின் சுடுநீர் குளிர்காற்றின் பாதையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஹோஸில் ஓர் அடைப்பு வால்வு போட்டு ஏசி ஓடும்போது மூடிவிடுங்கள். அடுத்து வெளிக்காற்றுக் கதவு. கேபிள் அரை அங்குலம் தளர்ந்திருந்தாலும் அந்தக் கதவு முழுதாக மூடாது, எஞ்சின் மேலிருந்து சூடான காற்று உள்ளே வரும். கதவு விளிம்பில் புது ஃபோம் ஒட்டி, கேபிளை இழுத்துக் கட்டுங்கள். இந்த இரண்டு திருத்தத்தில் மட்டும் என் வண்டியில் நடுத் துவாரத்துக் காற்று 58-இலிருந்து 44 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு வந்தது. கேஸில் ஓர் அவுன்ஸ்கூட மாற்றவில்லை.

கடைசியாக ஏசியை ஓடவிட்டு வண்டியை நிழலில் நிறுத்தி, இருபது நிமிடம் கழித்துக் குனிந்து கூலிங் காயில் பெட்டிக்கு அடியில் பாருங்கள். தண்ணீர் சீராகச் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் வடிகுழாய் அடைத்திருக்கிறது, ஒரு மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் இதைப் பார்க்க வேண்டும். வெளியேற வழியில்லாத தண்ணீர் பெட்டி நிரம்பி, கார்ப்பெட்டுக்கு அடியில் நீங்கள் புதிதாக வெல்டு செய்த தகட்டின் மேல்தான் வந்து தேங்கும்.